கிளினிக் கொப்பிக்குப் பிறகு: ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு மென்பொருள் குழு

கிளினிக் நாளில் விடிய ஆறு மணிக்கு யாழ்ப்பாணம் நோக்கி வரும் பஸ்ஸில் ஏறினால், வயதானவர்களின் மடியில் ஒரு சொப்பிங் பையைக் காணலாம். உள்ளே தண்ணீர்ப் போத்தல், முடிந்துபோன மருந்துகளின் உறைகள், பொலித்தீன் உறை போட்ட ஒரு கொப்பி. நீரிழிவோ பிரஷரோ இதயமோ, எதற்காகக் கிளினிக் போனாலும் அந்தக் கொப்பிதான் ஆதாரம். வைத்தியர் எழுதுவது அதில். அடுத்த திகதி குறிப்பது அதில். மருந்து கொடுக்கும் யன்னலில் நீட்டுவதும் அதைத்தான்.

அம்மாவின் முதலாவது கொப்பி மழையில் ஊறிப் போனது. இரண்டாவதை ஒருநாள் அவசரத்தில் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். குடாநாட்டின் ஆஸ்பத்திரி ஒன்றில், அதே கிளினிக்குக்கு ஏழு வருடமாகப் போய்வருகிறவர் அம்மா. ஆனால் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டபோது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, அங்கே இருந்தவர்களுக்கும் அதைக் கண்டெடுக்க வழி இருக்கவில்லை. "வெள்ளைக் குளிசை, நடுவில கோடு போட்டது" என்று அம்மா சொன்னார். பொறுமையாகக் கேட்ட அந்த மிஸ்ஸியில் எந்தப் பிழையும் இல்லை. ஏழு வருடத் தகவல் முழுவதும் எங்கள் வீட்டு மேசையில் கிடந்தது, அவ்வளவுதான்.

இருந்தாலும் இந்தக் கொப்பியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1990இலிருந்து பல வருடங்கள் குடாநாட்டுக்கு மின்சார விநியோகம் இருக்கவில்லை. அந்தக் காலத்திலும் காகிதத்தில் எழுதியதை வாசிக்க முடிந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோதும் கொப்பி வேலை செய்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின்படி சுகாதாரம் மாகாணங்களுக்குப் பகிரப்பட்டது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் யாழ் போதனா வைத்தியசாலை கொழும்பிலுள்ள அமைச்சின் கீழ் வருகிறது. பருத்தித்துறையில் பார்த்த நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் அவர் ஒரு நிர்வாகத்திலிருந்து இன்னொரு நிர்வாகத்துக்குப் போகிறார். இரண்டுக்கும் இடையில் தகவலைச் சுமந்துகொண்டு போவது அவருடைய கைதான்.

கொப்பியால் முடியாத ஒன்றை 2020 மார்ச்சில் எல்லோரும் பார்த்தோம். ஊரடங்கு போட்டார்கள், கிளினிக் நின்றது. மாதாந்த மருந்துகளைத் தபாலிலாவது வீடுகளுக்கு அனுப்ப வேண்டும் என்று நாடு முழுக்க ஏற்பாடு நடந்தது. அனுப்புவதற்கு முகவரி வேண்டும், தொலைபேசி இலக்கம் வேண்டும், கடைசியாக எழுதிய மருந்து என்னவென்று தெரிய வேண்டும். அதெல்லாம் நோயாளியின் வீட்டில் இருந்தது. யார் வந்தார் என்பதைக் கொப்பி சொல்லும். யார் வரவில்லை என்பதைச் சொல்லாது. இன்சுலின் போடும் ஒருவர் மூன்று மாதமாகக் கிளினிக் பக்கமே வரவில்லை என்றால், அதைக் கவனித்து ஒரு கோல் எடுத்து விசாரிக்க ஆஸ்பத்திரியிடம் ஒரு பட்டியல் வேண்டும். டிஜிட்டல் என்று நாம் பேசுவதன் பயன் எனக்கு முதலில் தெரிவது அந்த இடத்தில்தான்.

சரி, அந்தப் பட்டியலை வைத்திருக்கும் மென்பொருளை யார் எழுதுவது?

வழக்கமாக இரண்டு வழிகள். ஒன்று, கேள்விமனுக் கோரி ஒரு கொம்பனியிடம் வாங்குவது. மற்றது, வெளிநாட்டு உதவியோடு வரும் ஒரு செயற்றிட்டம். மூன்றாவது வழியைப் பற்றி நம் பக்கத்தில் குறைவாகவே பேசுகிறார்கள்: சுகாதாரத் திணைக்களத்திலேயே சம்பளம் வாங்கும் ஒரு சிறு குழு. மென்பொருள் எழுதுபவர் இரண்டு மூன்று பேர், மருத்துவத் தகவல்களைக் கணினியில் கையாளும் தகவலியல் படித்த ஒரு வைத்தியர், வார்ட்டில் வேலை செய்து பழகிய ஒரு தாதி, ரெக்கோட் ரூமை உள்ளும் புறமும் அறிந்த ஒரு உத்தியோகத்தர். ஆஸ்பத்திரி வளவுக்குள் ஒரு அறை. ஏதாவது உடைந்தால் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய தூரம்.

இந்த 'நடந்து போகக்கூடிய தூரம்' ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வேலை எழுதி வைத்த விதிப்படி நடப்பதில்லை. படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும், ஆனால் வார்ட்டில் எல்லோரும் அதன் ஓரத்தில் சிவப்பு மையால் வேறொன்றை எழுதுவார்கள். அந்த ஓரக்குறிப்புத்தான் அடுத்த முறைக்காரருக்கு உயிர்நாடி. கொழும்பிலிருந்து வந்து இரண்டு நாள் கூட்டம் நடத்தி 'தேவைகளை'ச் சேகரிக்கும் ஒருவரிடம் அந்தச் சிவப்பு மையை யாரும் சொல்வதில்லை. மறைப்பதற்காக அல்ல. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றாது. பக்கத்தில் இருந்து ஒரு மாதம் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

அதோடு மாற்றம். டெங்குக் காலம் வருகிறது, வைத்திய நிபுணர், நோயாளியின் உடலுக்குள் போகும் நீரையும் வெளியேறும் நீரையும் எழுதும் நீர்க்கணக்குத் தாளில் இன்னொரு நிரல், அதாவது மேலிருந்து கீழாக ஒரு கட்ட வரிசை, வேண்டும் என்கிறார். வெளியே ஒப்பந்தம் கொடுத்திருந்தால் அது ஒரு 'மாற்றக் கோரிக்கை'. அதற்கு விலை, விலைக்கு அனுமதி, அனுமதிக்கு ஒரு குழு. அந்த நிரல் வந்து சேரும்போது டெங்குக் காலம் முடிந்திருக்கும். குழு உள்ளே இருந்தால் மத்தியானத்துக்குள் அந்த நிரலைச் சேர்த்து, பின்னேரம் ஒரு வார்ட்டில் போட்டுப் பார்த்து, பிழை என்றால் அடுத்தநாள் எடுத்துவிடலாம். இப்படி நூறு சின்னத் திருத்தங்கள் சேர்ந்தால்தான் ஒரு மென்பொருள் ஆஸ்பத்திரியோடு ஒட்டும்.

இந்த விஷயத்தில் உலகில் அதிகம் பேசப்படும் கதை அமெரிக்காவில், முன்னாள் படைவீரர்களுக்கான அரச ஆஸ்பத்திரிகளில் நடந்தது. 1970களின் கடைசியில் அங்கே சில நிரலாளர்களை நேரடியாக ஆஸ்பத்திரிகளில் இருத்தினார்கள். அவர்கள் வைத்தியர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் பக்கத்தில் இருந்து சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதி, ஓர் ஆஸ்பத்திரியில் எழுதியதை இன்னொன்றுக்குக் கொடுத்து வந்தார்கள். தலைமையகத்தின் கணினிப் பிரிவுக்கு இது பிடிக்கவில்லை. எல்லாம் மையத்திலிருந்தே வரவேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. சிலர் வேலை இழந்தார்கள், ஆனாலும் வைத்தியர்கள் அந்த மென்பொருளை விடவில்லை. 1982இல் நிர்வாகம் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. விஸ்டா என்று பிறகு பெயர் பெற்ற அந்த முறை 150க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் பல பத்து வருடங்கள் ஓடியது. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, அங்கிருந்து வெளியேறிய படைவீரர்களின் மருத்துவக் குறிப்புகளை வேறு நகரங்களில் இருந்த வைத்தியர்களால் திறந்து பார்க்க முடிந்தது. வெள்ளத்தில் காகிதம் ஊறிய அனுபவம் உள்ள நமக்கு அது என்ன மாதிரியான உதவி என்று விளங்கும்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி ஒரு தாதியைப் பற்றியது. கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் வேலை செய்த சூ கின்னிக், 1992இல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அங்கே ஊழியர் கையில் ஒரு சின்னக் கருவியை வைத்துக் காரின் பட்டைக்குறியை ஸ்கேன் பண்ணினார், ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கார்களுக்கு இதைச் செய்யலாம் என்றால் மருந்துக்கும் நோயாளிக்கும் ஏன் செய்யக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. நோயாளியின் கைப்பட்டியையும் மருந்தையும் ஸ்கேன் பண்ணி, இரண்டும் பொருந்தினால் மட்டும் மருந்து கொடுக்கும் முறை அங்கிருந்து தொடங்கியது. 1990களின் முடிவில் அந்த நிர்வாகத்தின் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அது பரவிக்கொண்டிருந்தது. ஒரு தாதியின் யோசனை இவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் என்ன? அதைச் சொல்லக் கூடிய தூரத்தில், எழுதிப் பார்க்கக் கூடிய ஆட்கள் இருந்தார்கள். நம் வார்ட்டுகளிலும் இப்படி யோசிக்கும் மிஸ்ஸிமார் இருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்கள் போய்ச் சொல்வதற்கு ஒரு கதவுதான் இல்லை.

கதையின் பிற்பகுதியையும் சொல்ல வேண்டும். விஸ்டா வயதானது. அது எழுதப்பட்ட கணினி மொழி அறிந்தவர்கள் குறைந்துபோனார்கள். 2018இல் சுமார் 10 பில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் அதை நீக்கி ஒரு தனியார் நிறுவன மென்பொருளைக் கொண்டுவர முடிவெடுத்தார்கள். முதலாவது ஆஸ்பத்திரியில் 2020 ஒக்டோபரில் அது இயங்கத் தொடங்கியது. 2022இல் அந்த நிர்வாகத்தின் உள்ளகக் கண்காணிப்பு அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வைத்தியர்கள் கொடுத்த 11,000க்கும் மேற்பட்ட கட்டளைகள், அதாவது பரிசோதனை, சிறப்பு வைத்தியரிடம் அனுப்பல் போன்றவை, யாரும் பார்க்காத ஒரு வரிசைக்குப் போய்த் தேங்கியிருந்தன. அதனால் 149 நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்தது என்று அந்த அறிக்கை கணக்கிட்டது. அப்படி ஒரு வரிசை இருப்பதே ஆஸ்பத்திரிக்காரருக்குத் தெரியாமல் இருந்தது. 2023 ஏப்ரலில் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு அதைக் கொண்டுபோவதை நிறுத்தி வைத்தார்கள்.

பிரித்தானியாவின் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2002இல் தேசிய சுகாதார சேவை முழுவதற்கும் ஒரே மையத் திட்டமாகத் தொடங்கியதை 2011இல் கலைப்பதாக அறிவித்தார்கள். அதற்கான செலவு ஏறத்தாழ 10 பில்லியன் பவுண் என்று கணக்கிடப்பட்டது. பெரிய பெரிய ஒப்பந்தங்கள் முன்னால் போக, வைத்தியர்கள் பின்னால் விடப்பட்டார்கள்.

இதற்கெல்லாம் தூரம் போகத் தேவையில்லை. இலங்கையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, அதைப் பற்றித் தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் மனக்குறை. 2020 ஜனவரி 27இல் இலங்கையின் முதலாவது கொரோனா நோயாளி அடையாளம் காணப்பட்டார், சீனாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி. விமான நிலையத்தில் இறங்குபவர்களைப் பதிந்து, அவர்கள் போய்ச் சேரும் ஊரின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்து, 14 நாள் பின்தொடர ஒரு முறை உடனே தேவைப்பட்டது. சுகாதார அமைச்சில் இருந்த மருத்துவர் பமோத் அமரக்கோனும் சக தகவலியல் வைத்தியர்களும் சில நாட்களுக்குள் அதைக் கட்டினார்கள். பூச்சியத்திலிருந்து எழுதவில்லை. ஒஸ்லோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற, சுகாதாரத் தரவுகளைச் சேர்ப்பதற்கான, யாரும் இலவசமாக எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளில், தேவையான படிவங்களையும் விதிகளையும் அமைத்தார்கள். இலங்கையில் செய்ததை ஒஸ்லோக்காரர் எடுத்து மற்ற நாடுகளுக்குப் பொதுவான தொகுதியாகக் கொடுத்தார்கள். 40க்கும் மேற்பட்ட நாடுகள் அந்த மென்பொருளைக் கொரோனாக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தின. வசதி குறைந்த ஒரு நாட்டின் அரச வைத்தியர்கள் முதலில் செய்த வேலை அது.

சில நாளில் செய்தார்கள் என்றால் அது அதிசயம் போலத் தோன்றும். உண்மையில் அதற்குப் பின்னால் பத்து வருடம் இருந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009-2010 காலத்தில் வைத்தியர்களுக்கென உயிர்மருத்துவத் தகவலியலில் ஒரு முதுமாணிப் படிப்பைத் தொடங்கியது. ஒஸ்லோவின் ஒத்துழைப்பு அதற்கு இருந்தது. ஒவ்வொரு வருடமும் சிலர் படித்து முடித்து அமைச்சிலும் மாகாணங்களிலும் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் பதவிக்கு வந்தார்கள். குடும்ப சுகாதாரப் பணியகம் தாய் சேய் நலத் தரவுகளுக்கு ஏற்கெனவே டிஎச்ஐஎஸ்2ஐ வைத்திருந்தது. அதனால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் அந்தத் திரை பழகிய ஒன்று. ஆபத்து வந்த நாளில் ஆளும் இருந்தது, கருவியும் இருந்தது, பயன்படுத்துபவரின் கைப்பழக்கமும் இருந்தது. இந்த மூன்றில் எதையும் அவசரத்தில் கேள்விமனுப் போட்டு வாங்க முடியாது.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கே ஒரு குழு இருந்தால் அது முதலில் முட்டிக்கொள்ளப் போவது பெயர்களில். கணினிப் பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நம் பெயர்கள் தமிழில். ஒரே 'தர்சினி'யை ஒருவர் ஒரு விதமாகவும், இன்னொருவர் நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டியும், மூன்றாமவர் கடைசி எழுத்தை மாற்றியும் ஆங்கிலத்தில் எழுதுவார். ழகரம் வந்தால் மூன்று விதம். முன்னால் வரும் தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. கலியாணம் கட்டிய பிறகு கணவர் பெயர் வரும். பிறந்த குழந்தைக்குப் பெயரே இல்லை, தாயின் பெயரோடு 'பேபி' என்று பதிவார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பத்திரங்களைத் தொலைத்த தலைமுறையில் பிறந்த திகதி திட்டமாகத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். இந்த நிலையில் பெயரை வைத்து ஒருவரைத் தேடினால் ஒரே ஆளுக்கு நான்கு பதிவு வரும். சிலவேளை நான்கு ஆட்கள் ஒரு பதிவுக்குள் கலந்துபோவார்கள், அது இன்னும் ஆபத்து.

அடையாள அட்டை இலக்கத்தால் தேடலாமே என்று கேட்கலாம். நல்ல யோசனை, அதிலும் ஒரு முடிச்சு உண்டு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016இலிருந்து வரும் புதிய அட்டையில் 12 இலக்கம். பழைய அட்டையைத் தொலைத்துப் புதியது எடுத்தவர் கணினியில் இரண்டு ஆளாக நிற்பார். ஆனால் இரண்டும் ஒரே கணக்கில் செய்தவை. பழையதன் முன்னால் 19ஐச் சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்கு அடுத்து ஒரு பூச்சியத்தைச் செருகி, கடைசி எழுத்தை நீக்கினால் புதியது வரும். பெண்களுக்கு நாளின் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எந்த வருடமும் 29 நாள் என்றே கணக்கு. இதை அறிந்த ஒருவர் நாலைந்து வரியில் எழுதிவிடுவார். இதை அறியாத ஒரு வெளிநாட்டு மென்பொருளுக்கு அதே மனிதர் என்றைக்கும் இரண்டு பேர்தான்.

இதற்காகத்தான் சுகாதார அமைச்சு தனிநபர் சுகாதார இலக்கம் என்ற 11 இலக்க முறையைக் கொண்டுவந்தது. எழுதுவதில் பிழை வந்தால் கண்டுபிடிக்க உதவும் ஒரு சரிபார்ப்பு இலக்கமும் அதில் உண்டு. நல்ல முறை. ஆனால் அந்த இலக்கத்தைத் தெல்லிப்பழையிலும் பெரியாஸ்பத்திரியிலும் நெடுந்தீவிலும் ஒரே ஆளுக்கு ஒன்றாக வைத்திருக்க, ஒவ்வொரு நாளும் இரட்டைப் பதிவுகளைத் தேடி ஒட்டவைக்கும் ஒருவர் வேண்டும். இந்த வேலை யார் கண்ணிலும் படாது, ஆனால் ஒரு நாள் கூட நிற்கக் கூடாது.

நெடுந்தீவைச் சொன்னேன். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் போய்வரும் தீவு அது. அங்கே ஒரு தாய்க்கு இரவில் வலி கண்டால், கடல் நிலையைப் பார்த்துத்தான் அனுப்புவது பற்றி முடிவெடுக்கிறார்கள். படகு இக்கரைக்கு வரும்போது அவருடைய இரத்த வகை, பிரஷர், முன்னைய பிரசவ விவரம் எல்லாம் பெரியாஸ்பத்திரியின் விடுதிக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் எவ்வளவு நேரம் மிச்சம்! ஆனால் தீவில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதை அறிந்து, இணைப்பு இல்லாதபோது தொலைபேசியிலேயே எழுதி வைத்து, கிடைத்ததும் அனுப்பும்படி அந்த மென்பொருளைச் செய்திருக்க வேண்டும். குழுவில் ஒருவராவது ஒரு மாரி காலத்தில் அந்தப் படகில் போய்வந்திருந்தால் இதை முதல் நாளிலேயே யோசிப்பார்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மேலை மருத்துவத்தைப் படிப்பித்தார். மருத்துவ நூல்களை மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். நோயாளியின் பக்கத்தில் இருந்து வேலை செய்ததால்தான் அந்தத் தேவை அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். இன்று வைத்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதட்டும், அதில் குறையில்லை. நோயாளியின் கைக்கு வரும் துண்டு மட்டும் அம்மம்மா வாசித்து விளங்கக்கூடிய தமிழில் இருக்க வேண்டும். 'காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல்' என்று எழுதினால் விளங்கும். வேறொரு மொழியிலிருந்து கணினி மாற்றிக் கொடுத்த வாக்கியம் மருந்து விஷயத்தில் உயிரோடு விளையாடுவது.

சொந்தக் குழு என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கே உரிய வருத்தம் ஒன்று இருக்கிறது, அது ஒற்றை ஆளில் தொங்குவது. கெட்டிக்காரப் பெடியன் ஒருவன் ஆஸ்பத்திரிக்கு ஒரு நல்ல மென்பொருள் எழுதுவான். இரண்டு வருடம் அழகாக ஓடும். பிறகு அவனுக்குக் கொழும்பில் வேலை கிடைக்கும், அல்லது கனடா விசா வரும். எழுதியதைப் பற்றி ஒரு குறிப்பும் இருக்காது, கடவுச்சொல் அவன் தலைக்குள் இருக்கும். மூன்றாம் வருடம் அந்தக் கணினிக்கு மேல் துணி போட்டு மூடிவிட்டுக் கொப்பியை எடுப்பார்கள். 2022க்குப் பிறகு வைத்தியர்களும் கணினி படித்தவர்களும் எத்தனை பேர் புறப்பட்டுப் போனார்கள் என்று எந்தத் தெருவில் கேட்டாலும் சொல்வார்கள். தகவலியல் வைத்தியர்களும் இடமாற்றப் பட்டியலுக்கு உட்பட்டவர்கள்தான்.

இதற்கு மருந்து உண்டு, கசப்பானதுதான். எந்த முறைக்கும் குறைந்தது இரண்டு பேர் பொறுப்பு. எழுதிய மென்பொருள் நிரல் முழுவதும் திணைக்களத்தின் சொந்தக் களஞ்சியத்தில். முழுதாகப் புதிதாய் எழுதும் ஆசையை அடக்கி, டிஎச்ஐஎஸ்2 மாதிரி உலகில் பலர் பராமரிக்கும் திறந்த மூலத்தின் மேல் கட்டுவது. அப்படிச் செய்தால் ஒருவர் போனாலும் அடுத்தவர் படித்துத் தொடர்வார். ஆய்வுகூட இயந்திரங்களின் மென்பொருள், எக்ஸ்ரேப் படங்களைச் சேமிக்கும் முறை, சேவையகங்கள் ஆகியவற்றைக் கொம்பனிகளிடம் வாங்குவதே புத்தி. அவை எங்கும் ஒரே மாதிரி. நம் ஊருக்கே உரிய பெயர், நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, கிளினிக் ஒழுங்கு ஆகியவற்றுக்குத்தான் நம் கை வேண்டும்.

தரவுப் பாதுகாப்பு இன்னொரு கவலை, அதை லேசாக எடுக்கவே முடியாது. 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள், அரச நிறுவனங்கள் இணையம் வழியாகப் பொதுவாகப் பயன்படுத்தும் அரச முகில் கணினியிலிருந்து அழிந்துபோன விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2023 ஓகஸ்டில் அதே அரச முகில் மீது, தரவைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் பணயத் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் தொலைந்தன, சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்த இடைக்காலத்துக்கு ஒழுங்கான பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. மின்னஞ்சல் போனது ஒரு பக்கம். ஒரு பெண்ணின் மனநலச் சிகிச்சைக் குறிப்போ ஒரு இளைஞனின் எச்ஐவி பரிசோதனை முடிவோ வெளியே வந்தால், எல்லோரும் எல்லோரையும் அறிந்த குடாநாட்டில் அதன் விளைவு என்ன? 2022இன் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. யார் எந்தப் பதிவைத் திறந்தார் என்ற தடம் இருக்க வேண்டும், அந்தத் தடத்தை மாதம் ஒருமுறை ஒருவர் வாசிக்கவும் வேண்டும். பிரதிகளை எடுத்தால் மட்டும் போதாது, அவற்றிலிருந்து மீட்டுப் பார்க்கவும் வேண்டும். வெளியே கொடுத்தாலும் உள்ளே செய்தாலும் இந்த வேலை குறையாது. உள்ளே ஆள் இருந்தால் அவரிடம் கணக்குக் கேட்கலாம்.

அப்போ, எதிலிருந்து தொடங்குவது? பெரிய ஆஸ்பத்திரி முழுவதையும் கணினியாக்கும் திட்டத்தில் கை வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரே ஒரு கிளினிக். நீரிழிவுக் கிளினிக் என்றால் நல்லது, ஏனென்றால் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப வருபவர்கள் அங்கேதான் அதிகம். முதல் மாதம் ஒரு வரி நிரலும் எழுதாமல், விடிய ஆறு மணிக்கு எண் எடுக்கும் வரிசையிலிருந்து மருந்து யன்னல் மூடும் வரை குழு அந்த மண்டபத்தில் இருக்கட்டும். பிறகு எளிமையான ஒன்று: திகதியோடு நேரமும் குறித்துக் கொடுப்பது. எட்டு மணிக்கு வரவேண்டியவர் எட்டுக்கும், பத்து மணிக்காரர் பத்துக்கும் வந்தால் சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றோடு நாலு மணிநேரம் காத்திருக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு, வராதவர்களின் பட்டியல். அந்தப் பட்டியல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளினிக் தாதியின் மேசைக்கு வர வேண்டும், அவர் கூப்பிட்டு விசாரிக்க ஒரு தொலைபேசியும் நேரமும் கொடுக்க வேண்டும். கொப்பியை நிறுத்தக் கூடாது. மின்சாரம் போன நாளுக்கு அது வேண்டும், நோயாளியின் கையில் அவருடைய கதை இருப்பதும் நல்லது.

இதை எழுதும் திறமை இங்கே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறை இருக்கிறது, அதன் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. யாழ் ஐடி ஹப் பத்து வருடத்துக்கு மேலாக இளைஞர்களுக்கு மென்பொருள் போட்டிகளை நடத்தி வருகிறது. 1978இல் தொடங்கிய மருத்துவ பீடமும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குள் வருவதற்கான வாசல் பெரும்பாலும் இறுதி வருடச் செயற்றிட்டம் ஒன்றுதான். ஆறு மாதத்தில் ஒரு செயலி, ஒரு அறிக்கை, ஒரு பரிசு. அதன் பிறகு அந்தச் செயலியைப் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலியும் இல்லை.

நாற்காலி என்று நான் சொல்வது ஆளணியை, அதாவது சம்பளத்தோடு அனுமதிக்கப்பட்ட பதவிகளை. அரச சேவையில் ஒரு பதவியை உருவாக்கத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஒப்புதல் தர வேண்டும். ஆளணியில் இல்லாத வேலைக்குச் சம்பளம் இல்லை. அதனால்தான் உதவித் திட்டம் முடிந்த அன்றே ஆட்களும் போய்விடுகிறார்கள். அபிவிருத்தி உத்தியோகத்தராக வந்த கணினிப் பட்டதாரியைக் கொண்டு மென்பொருள் எழுதுவிக்கலாம், நாளைக்கே அவரை வேறு பிரிவுக்கு மாற்றினால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப சேவை என்று நாட்டில் ஒரு சேவை இருக்கிறது. அதன் கீழ் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு ஐந்து பதவிகள் கேட்கலாம். போதனா வைத்தியசாலை வேறு நிர்வாகம் என்பதால், அந்த ஐவர் அங்கேயும் வேலை செய்யலாம் என்று மாகாணமும் அமைச்சும் கைச்சாத்திடும் ஓர் உடன்படிக்கையும் தேவை. அடுத்த ஆளணித் திருத்தத்துக்கு முன்மொழிவு அனுப்பும்போது பதவியின் பெயர், தகைமை, சம்பளத் தொகுதி, பதவி உயர்வு எல்லாம் தெளிவாக இருந்தால், அறிவியல் நகரில் இறுதி வருடம் படிக்கும் ஒரு பிள்ளை கொழும்புக்கு விண்ணப்பம் போடும் அதே கிழமையில் இதற்கும் ஒன்று போடும்.